சத்தம் உட்கார்ந்த இடம்

அத்தியாயம் 4

"பெரியம்மா, சத்தம் எங்க போய் உக்காரும்?"

அக்காவின் தங்கை மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது ஒரு மத்தியான வேளையில் கேட்ட கேள்வி இது. வாசலில் கனமான லாரி ஒன்று போய், ஜன்னல் கண்ணாடி நடுங்கி அடங்கியிருந்தது. "அதுவும் தூங்கப் போயிருக்கும். நீ கண்ணை மூடு" என்று சொல்லி அக்கா தப்பித்துக்கொண்டார். குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போய்விட்டாள். கேள்வி மட்டும் அக்காவிடமே தங்கிவிட்டது.

இன்று பல் டாக்டர் வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டபோது அந்தக் கேள்வி அவர் நினைவில் இல்லை. அவர் மனத்தில் இருந்ததெல்லாம் ஒரு நாற்காலி. எந்த நாற்காலியானாலும் சரி.

துப்பறிவதைத் தொழிலாகக் கொண்ட அந்தப் பெண்மணியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர் அவர். இடைவிடாமல் பேசித் தொண்டை கட்டிப்போவதால் அவன் சட்டைப் பையில் எப்போதும் இருமல் மிட்டாய் இருக்கும். இந்த வாரம் முழுக்க இரண்டு பேருக்கும் அலைச்சல். காணாமல்போன கணவர் ஒருவரைத் தேடித் திரிந்து, அவர் தன் தமக்கை வீட்டில் நிம்மதியாகத் தூங்குவதைக் கண்டுபிடித்து, எழுப்ப மனமில்லாமல் திரும்பியிருந்தார்கள்.

"இங்க என்னடா திருட்டு?" என்றார் அக்கா.

"தங்கம்."

"எவ்வளவு?"

"ஒரு பல்."

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"பஸ்லயே சொல்லியிருந்தா இறங்கியிருப்பீங்க. அதான் படி ஏறின பிறகு சொல்றேன்" என்றான் ரேடியோ.

மாடியில் நீளமான அறை. ஜன்னல்களுக்குக் கனத்த திரைச்சீலை. எதிர்ச் சுவரில் புத்தம்புதிய வெள்ளை ஸ்கிரீன். கூரையிலிருந்து புரொஜெக்டர் தொங்கியது. அதற்குக் கீழே சுவரோரம் இரண்டு ஒற்றை சோபாக்கள். அவற்றுக்கு மேலே ஒரு மர அலமாரித் தட்டு. மூலையில் ஒரு பீரோ, அதன் காலடியில், தம் தம்மென்று அதிரும் கனத்த சத்தத்துக்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டி ஒன்று கறுப்பாக. வீட்டிலேயே தியேட்டர் வேண்டும் என்பது டாக்டரின் பலநாள் ஆசை. அது நிறைவேறிய மறுநாளே அவர் முகம் இழவு வீட்டு முகமாகிவிட்டது.

"போலீசுக்குப் போனா சிரிப்பாங்கம்மா" என்றார் டாக்டர். "அது எங்க அம்மாவோட பல். படிச்சு முடிச்சதும் முதல்முதலா என் கையால செஞ்ச தங்க உறை. கடைசி காலத்துல அது தளர்ந்து கழண்டு வந்துச்சு. 'நீ போட்டது, நீயே வெச்சுக்கோ'ன்னு என் உள்ளங்கையில வெச்சாங்க. தங்கத்துக்காக நான் தேடல."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"அந்தத் தட்டுல. பல் சிமென்ட் குழைக்கிற கண்ணாடிப் பலகை ஒண்ணு இருக்கு பாருங்க, அதுமேல. முந்தாநாள் காலையில இருந்தது. நேத்து இல்ல. நடுவுல இந்த ரூமுக்குள்ள வந்த வெளியாள் ஒருத்தன்தான். இந்த தியேட்டர் சாமானையெல்லாம் மாட்டக் கடையிலேர்ந்து வந்த ஃபிட்டர்."

"ஒருத்தர்" என்று திருத்தினார் டாக்டரின் மனைவி. கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

டாக்டர் காதில் வாங்கவில்லை. "கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பல் வரலைன்னா எழுத்துல புகார் குடுப்பேன். குடுத்தா அவனை வேலையை விட்டே அனுப்பிடறதா அவர் சொல்லியிருக்கார்."

"அவர் எடுத்ததை யாராவது பாத்தாங்களா?"

"இவ பாத்திருக்கா. அவன் முட்டி போட்டுச் சுவரோரமா தவழ்ந்து போயிருக்கான். பீரோ காலடியில தலையை வெச்சு எதையோ தேடியிருக்கான். அதுமட்டுமில்ல. வந்ததுலேர்ந்து வாயைக் கையால மூடிக்கிட்டே இருந்தான். கேட்டதுக்கு முணுமுணுன்னு பதில். என் முகத்தை நிமிர்ந்து பாக்கவே இல்ல. மடியில கனம் இருக்கிறவன்தான் அப்படி இருப்பான்."

"டீ குடுத்தேன். ஆறிப்போற வரைக்கும் தொடவே இல்ல" என்றார் மனைவி.

ரேடியோ தொண்டையைச் செருமினான். "டாக்டர், கோவிச்சுக்காதீங்க. தங்கப் பல்லை ஒளிச்சு வெக்க வாயைவிட நல்ல இடம் எது?"

"நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றார் டாக்டர், சிரிக்காமல்.

அக்கா அதற்குள் ஒரு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் அடங்கியது. எதிரே இருந்த ஸ்கிரீனை ஓரத்துக்கு ஓரம் பார்த்தார்.

"இது எத்தனை இன்ச்?"

"நூறு. நான் கேட்டது நூத்தம்பது. சுவர்ல இடம் இருக்கே, போடுன்னேன். அவன்தான் வேண்டாம்னான்."

"ஏனாம்?"

பதில் மனைவியிடமிருந்து வந்தது. "போன வாரம் அளவு எடுக்க வந்தப்ப என்கிட்ட ஒண்ணு கேட்டார். 'நீங்க எங்க உக்காருவீங்கம்மா'ன்னு. நீங்க இப்ப உக்காந்திருக்கிற அதே சோபாதான் என் இடம். எனக்குக் கழுத்துவலி. ஸ்கிரீன் அவ்வளவு பெரிசா இருந்தா, இவ்வளவு கிட்ட உக்காந்து பாக்கறப்ப தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கிட்டே இருக்கணும், நூறே தாராளம்னார். இத்தனை வருஷத்துல நான் எங்க உக்காருவேன்னு கேட்ட ஒரே ஆள் அவர்தான்."

டாக்டர் கூரையைப் பார்த்தார்.

"புரொஜெக்டர்?" என்றார் அக்கா.

"கடையில இருக்கிறதுலயே வெளிச்சம் அதிகமா வர்றதைக் கேட்டேன்" என்றார் டாக்டர். "'பகல்ல பாப்பீங்களா'ன்னான். ராத்திரிதான்னேன். 'அப்ப இருட்டுல கண்ணு கூசும், கறுப்பெல்லாம் வெளுத்துத் தெரியும். இதைவிடச் சின்னதே போதும்'னுட்டான். சப்வூஃபர் ரெண்டு கேட்டதுக்கும் அப்படித்தான். ஒண்ணு போதும், வெக்கிற இடத்துல வெச்சா வீடே கேக்கும்னான்."

"இவ்வளவு மோசமான வியாபாரியை நான் பாத்ததே இல்ல" என்றான் ரேடியோ. "வர்ற லாபத்தையெல்லாம் கழுத்துக்கும் கண்ணுக்கும் விட்டுக் குடுத்துட்டு, ஒரு பல்லை எடுத்துட்டுப் போயிருக்கார்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அக்காவுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கழுத்துக்காக யோசிக்கிற மனிதரை அவர் எளிதில் சந்தேகிக்க மாட்டார். ஆண்டவன் மனிதர்களுக்குள் வைத்திருக்கும் நல்லதெல்லாம் பெரிய காரியங்களில் தெரிவதில்லை. இப்படி, யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத அக்கறைகளில்தான் எட்டிப் பார்க்கிறது. ஆனால் அதைச் சொன்னால் டாக்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்குப் பல் வேண்டும்.

"அவர் தவழறதுக்கு முன்னாடி என்ன பண்ணினார்மா?"

டாக்டரின் மனைவி யோசித்தார். "பெட்டியைத் தூக்கி என் சோபாவுல வெச்சார். இப்ப இருக்கிறது இல்ல, முதல்ல கொண்டுவந்த பெரிய பெட்டி. மெத்தை மெதுவா இருந்ததால நிமிர்த்தி வெச்சா சாய்ஞ்சது. அதனால முதுகுப் பலகையில மல்லாக்கப் படுக்க வெச்சார். தம், தம்முன்னு ஒரே மாதிரி ஒரு பாட்டைப் போட்டுட்டு, அப்புறம் முட்டி போட்டார்."

"தவழ்ந்து போய் எங்க நின்னார்?"

"பீரோ காலடியில."

"இப்ப பெட்டி எங்க இருக்கு?"

எல்லோரும் திரும்பினார்கள். பீரோவின் காலடியில், ஃபிட்டர் தலை வைத்துப் பார்த்த அதே இடத்தில், புதுப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

சத்தம் எங்க போய் உக்காரும்? அக்காவுக்கு அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. தான் சொன்ன சோம்பேறிப் பதிலும்.

"அவர் தேடினது பல்லை இல்ல டாக்டர், சத்தத்தை. உங்க வீட்டம்மா உக்கார்ற இடத்துல சத்தத்தை உக்கார வெச்சிருக்கார். அப்புறம் தான் தவழ்ந்து போய், சுவரோரம் எந்த இடத்துல அது தெளிவாக் கேக்குதுன்னு காதை வெச்சுப் பாத்திருக்கார். எங்க நல்லாக் கேக்குதோ, அங்க பெட்டியை வெச்சா அதே சத்தம் திரும்ப சோபாவுக்கு வந்து சேரும்."

"சந்தேகமா இருந்தா கடையில கேட்டுப் பாருங்க" என்ற ரேடியோ அதற்குள் தரையில் இருந்தான். பெட்டியை அக்காவுக்குப் பக்கத்து சோபாவில் வைத்துப் பாட்டைப் போடச் சொல்லிவிட்டுச் சுவரோரம் தவழ்ந்தான். நடுச்சுவரில் காதைத் தேய்த்துக்கொண்டான். மூலையில் நின்று தலையாட்டினான். "இங்க நல்லாக் கேக்குதுக்கா. என் முட்டி அழற சத்தமும் சேர்த்து."

டாக்டரும் கடைக்குப் போன் செய்து கேட்டார். அது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வழக்கம்தான் என்றார் கடைக்காரர். டாக்டர் போனை வைத்தார்.

"சரி, தவழ்ந்ததுக்குக் காரணம் இருக்கு. ஆனா பல் போனது போனதுதானே?"

அது நியாயமான கேள்வி. அக்கா பெருமூச்சுடன் எழுந்து அலமாரித் தட்டைப் பார்த்தார். மாவு சலித்ததுபோல் வெள்ளைத் தூசி.

"கூரையில புரொஜெக்டருக்குத் துளை போட்டப்ப கொட்டினது" என்றார் மனைவி. "துடைக்கப் போனேன். தடயம், தொடாதேன்னுட்டார்."

"கைரேகை இருக்கும்னு பாத்தேன். ஒண்ணும் இல்ல. துணி சுத்தி எடுத்திருப்பான்" என்றார் டாக்டர்.

"ரேகை இல்லதான். ஆனா கோடு இருக்கு."

அக்கா விரலால் தொடாமல் காட்டினார். கண்ணாடியின் விளிம்பிலிருந்து தட்டின் விளிம்புவரை, தூசியில் ஒரு மெல்லிய கோடு வளைந்து நெளிந்து போயிருந்தது. எறும்பு மணலில் போன தடம்போல.

"துணி சுத்தின கை எடுத்திருந்தா தூசி கலைஞ்சிருக்கும். இதை யாரும் எடுக்கல. தானாவே நடந்து போயிருக்கு" என்றார் அக்கா. "ஒரு நாள் எங்க வீட்டு வாசல்ல லாரி போனப்ப மேஜைமேல இருந்த தம்ளர் விரற்கடை அளவு நகர்ந்துச்சு. பாத்தும் நான் யோசிக்கல. ரேடியோ, உன் மிட்டாயில ஒண்ணு குடு."

இருமல் மிட்டாய் கண்ணாடியின்மேல் வைக்கப்பட்டது. பெட்டியைத் தூக்கி, அக்கா எழுந்த சோபாவில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். டாக்டரே பாட்டைப் போட்டு ஒலியைக் கூட்டினார்.

தம், தம். திரைச்சீலை அசைந்தது. மிட்டாய் முதலில் நடுங்கியது. பிறகு யாரோ கூப்பிட்டதுபோல் மெல்லத் திரும்பி, கண்ணாடியைவிட்டு இறங்கி, தட்டின் விளிம்புக்கு வந்து, சோபாவின் சாய்மானத்தில் விழுந்து உருண்டு, பெட்டியின் முகப்பில் இருந்த வட்டத் துளை ஓரம் வந்து நின்றது. காற்று போய்வர வைத்த துளை.

டாக்டர் குனிந்து அந்தத் துளையைப் பார்த்தார்.

"முதல் பெட்டியை ஏன் மாத்தினீங்க?" என்று கேட்டார் அக்கா.

"அது பழுது." டாக்டரின் குரல் இறங்கியிருந்தது. "பல்லை நறநறன்னு கடிச்ச மாதிரி ஒரு சத்தம்."

"ஆரம்பத்துலேர்ந்தேவா?"

"இல்ல. ஆரம்பத்துல நல்லாத்தான் பாடினது. பாதியிலதான்..." டாக்டர் நிறுத்தினார். பிறகு போனை எடுத்து, கடைக்காரரிடம் அந்தப் பெட்டி எங்கே என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தவரின் முகம் மெல்ல இறுகியது.

"பெட்டி கடையில இல்ல" என்றார். "அவனே கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கான். இப்ப அவன் வீட்டுல இருக்கு. பாத்தீங்களா? பல் உள்ள போனது தெரிஞ்சுதான் வாங்கியிருக்கான்."

ரேடியோ அக்காவின் காதருகே குனிந்தான். "அவரைக் காப்பாத்தப் போய் நாமளே பிடிச்சுக் குடுத்துட்டோம்போல."

அக்காவுக்கும் ஒரு கணம் மனம் தளர்ந்தது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. "வாங்க டாக்டர். பெட்டியை நீங்களே உங்க கண்ணால பாத்திடுங்க" என்றார்.

தையல் கடை ஒன்றின் பின்பக்கம் ஒற்றை அறை. கதவைத் திறந்த ஃபிட்டர் டாக்டரைக் கண்டதும் கையை வாய்க்குக் கொண்டுபோனார். தாடையைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருந்தது. பெட்டி ஜன்னலடியில் இருந்தது, ஒரு பழைய போர்வைமேல்.

"இதை எதுக்கு வாங்கினீங்க?" என்று கேட்டார் அக்கா.

"சரி பண்ணி... கடையிலயே திருப்பிக் குடுத்துடலாம்னுதாம்மா." வார்த்தைகள் பாதி வாய்க்குள்ளேயே நின்றன. "புதுப் பெட்டி. குப்பையில போட மனசு வரல. இன்னும் பிரிக்கல. ரெண்டு நாளா குனிய முடியல."

அக்கா பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பினார். ஒவ்வொரு திருகின் தலையிலும் தொழிற்சாலையில் வைத்த சிவப்பு மைப் பொட்டு. ஒன்றுகூட உடையவில்லை. "பாத்துக்குங்க டாக்டர். இப்ப நீங்களே தூக்கிக் கவிழுங்க."

டாக்டரும் ரேடியோவும் பெட்டியைத் தூக்கிக் குலுக்கினார்கள். உள்ளே எதுவோ இங்கும் அங்கும் ஓடியது. முதலில் வரவில்லை. மறுபடி சாய்த்தார்கள். துளை வழியே முதலில் கொஞ்சம் வெள்ளைத் தூசி கொட்டியது. அதன்பிறகு மஞ்சளாக ஒன்று நழுவி டாக்டரின் உள்ளங்கையில் விழுந்தது.

டாக்டர் விரல்களை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை.

"உள்ள பல்லா இருந்துச்சு?" என்றார் ஃபிட்டர், உண்மையான ஆச்சரியத்துடன். "நான் ஸ்பீக்கர் கிழிஞ்சுடுச்சுன்னுல்ல நெனச்சேன்."

"இது இங்க இருக்குன்னு தெரிஞ்சவர், ரெண்டு நாள் சும்மா வெச்சிருக்க மாட்டார்" என்றான் ரேடியோ, யாரையும் பார்க்காமல்.

டாக்டர் நிமிர்ந்தார். ஜன்னல் வெளிச்சம், துண்டு நழுவியிருந்த ஃபிட்டரின் முகத்தில் நேராக விழுந்தது. அப்போதுதான் அவர் அந்த முகத்தை முதல்முறையாகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். வலது கன்னம் வீங்கிப் பளபளத்தது. தாடையெலும்பு தெரியவில்லை. ஆயுள் முழுக்க அவர் பார்த்துவந்தது இத்தகைய கன்னங்களைத்தான்.

"எத்தனை நாளா இப்படி?"

"போன வாரம் உங்க வீட்டுக்கு அளவெடுக்க வந்தப்பவே லேசா இருந்தது சார்."

"என்கிட்ட ஏன்யா சொல்லல?"

ஃபிட்டர் தரையைப் பார்த்தார். "பல் டாக்டர் வீட்டுக்கு வேலைக்கு வந்துட்டு, பல் வலிக்குதுன்னா... ஓசியில வைத்தியம் கேக்கற மாதிரி இருக்கும். அதான் கையால மூடிக்கிட்டேன்."

ஏதோ சொல்லவேண்டும் என்று டாக்டரின் வாய் இரண்டு முறை திறந்தது. பிறகு வெளியே போய்த் தையல் கடை வாசலில் நின்று போன் செய்தார். "பல் கிடைச்சிடுச்சு. உங்க ஆள் மேல தப்பு இல்ல. தப்பு என்மேல. நாளைக்கே அவரை வேலைக்கு வரச் சொல்லுங்க." அவ்வளவுதான். அறைக்குள் திரும்பிப் போகாமல், அங்கிருந்தபடியே அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ரேடியோ பொருமினான். "கடைக்காரர்கிட்ட சொன்னார், சரி. அந்த மனுஷன்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டாரா அக்கா?"

"கேப்பார். நாம நின்னா அவருக்கு வராது."

"கேட்டாரான்னு நாம எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"தெரிஞ்சுக்க வேண்டாம். நம்ம வேலை முடிஞ்சுபோச்சு."

தங்கை மகளுக்குப் போன் செய்து, அந்தப் பழைய கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் என்று அக்கா நினைத்தார். யாராவது எழுந்து இடம் கொடுத்தால் சத்தம் அங்கே உட்காரும் என்று சொல்லலாம். நினைத்தபடியே தூங்கிப்போனார். தலை ரேடியோவின் தோளில் சாய்ந்தது. அவன் ஏதோ சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டான். இறங்கவேண்டிய இடம்வரை பேசவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரின் மருத்துவமனைக் கதவில் விடுமுறைப் பலகை தொங்கியது. சீட்டு கொடுக்கும் பெண்ணும் நர்ஸும் வரவில்லை. வரவேண்டாம் என்று முதல்நாளே சொல்லியிருந்தார். வீட்டில் மனைவியிடம், சாமான் சரிபார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

நாற்காலியில் ஃபிட்டர் படுத்திருந்தார். டாக்டர் விளக்கை இழுத்து, அவர் கண்ணில் படாதபடி கொஞ்சம் தாழ்த்தினார். நாற்காலியின் தலைப்பகுதியைச் சரிசெய்தார். "கழுத்துக்கு இப்படி வசதியா இருக்கா?" என்று கேட்டார். ஃபிட்டர் தலையசைத்தார்.

மருந்தேற்றி மரத்துப்போனதும், "வாயை நல்லாத் திறங்க" என்றார்.

துளைபோடும் கருவி கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்குள், பல்லைவிட்டுக் கண்ணை எடுக்காமல், டாக்டர் பேசினார்.

"உங்களைத் திருடன்னு சொன்னேன். வலியைப் பாத்துக் களவுன்னு நெனச்சேன். வேற யார் அப்படி நெனச்சிருந்தாலும் பரவாயில்ல, நான் நெனச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

வாய் திறந்திருப்பவரால் பதில் சொல்ல முடியாது. நாற்காலியின் கைப்பிடியில் இருந்த விரல்கள் மட்டும் நகர்ந்து, டாக்டரின் முழங்கையை லேசாகத் தட்டிவிட்டுத் திரும்பிப்போயின.

டாக்டர் கருவியை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் நிரம்பிய தம்ளரை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"கொப்பளிங்க" என்றார்.